எங்கள் வீட்டில் சோறு விற்கப்படும்

போன மார்கழியில் எங்கள் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் ஒரு கமிட்டி உட்கார்ந்தது.

தலைவர் என் புருஷன். செயலாளரும் அவரே. அங்கத்தவரும் அவரே. நான் வெறும் சாட்சி. கேட்டால் மட்டும் பதில் சொல்லலாம்.

கேட்கும்வரை நான் எப்போது வாயை மூடிக்கொண்டிருந்தேன்? பத்திரிகையில் இந்தப் பத்தியை வாசிக்கிறவர்களுக்கு அது தெரியும். 'அம்மா, இவ்வளவு கோபம் உடம்புக்கு ஆகாது' என்று போன மாதம்கூட ஒருவர் எழுதியிருந்தார். ஐயா, கோபப்படாமல் இருந்தால்தான் எனக்கு உடம்புக்கு ஆகாது.

விஷயத்துக்கு வருகிறேன். என் வீட்டுக்காரர் கண்டியில் ஒரு அரசாங்கக் கந்தோரில் கிளாக்கர். போன வருடம் முழுக்க எங்கே பார்த்தாலும் சிக்கனம், சிக்கனம் என்று பேச்சு. பேசினவர்களுக்கு என்ன குறைந்ததோ எனக்குத் தெரியாது. இவருடைய சம்பளத்தில் வெட்டு விழுந்தது.

அதே மாதம் மகள் பூமணியின் இங்கிலீஷ் பள்ளிக்கூடத்திலிருந்து ஒரு அறிவித்தல் வந்தது. தை மாதம் பிள்ளை மேல் பிரிவுக்குப் போகிறாள். மேல் பிரிவென்றால் பீஸ் கூடுதல். அதோடு காலுக்கு வெள்ளைச் சப்பாத்து. விளையாட்டுக்கு ஒரு சந்தா. வட்டம் கீறுகிற கேத்திரகணிதப் பெட்டி. இன்னும் என்னென்னவோ.

பிள்ளை மேலே ஏறுகிறாள், சம்பளம் கீழே இறங்குகிறது. கந்தோரில் வெட்டு வாங்கிய ஆண்பிள்ளை வீட்டுக்கு வந்து என்ன செய்வார்? வீட்டில் வெட்டுவார்.

ஞாயிற்றுக்கிழமை காலை. இவர் மேசையில் ஒரு நீளக் கடதாசியை விரித்தார். பக்கத்தில் சிவப்பு மை. மூக்கில் கண்ணாடி. கந்தோரில் துரை இருக்கிற மாதிரி நிமிர்ந்து உட்கார்ந்துகொண்டார்.

"இஞ்சை வா. புதுவருசத்துக்குப் பட்ஜெட் போடவேணும். ஒவ்வொரு சாமானாய்ச் சொல்லு" என்றார்.

முதலில் பால். குறைத்தார். அடுத்தது தேங்காய். அதையும் குறைத்தார். மீன்... இந்த மலைக்கு ரயிலில் ஏறி வருகிற மீனுக்கு எங்கள் ஸ்டேஷன் கட்டுகஸ்தோட்டையில் இறங்கும்போதே வயது போயிருக்கும். அதை அடியோடு வெட்டினார். நான் ஒன்றும் சொல்லவில்லை. என் தலை எண்ணெய்க்கு வந்தார். அதற்கும் ஒரு சிவப்புக் கோடு. அடுத்த சாமானை நானே எடுத்துக் கொடுத்தேன்.

"சுருட்டு?" என்றேன்.

"என்ன சுருட்டு?"

"யாழ்ப்பாணத்திலையிருந்து கட்டுக்கட்டாய் வருதே, அது."

"அது இல்லாட்டி எனக்குச் செமிக்காது."

"மீனை வெட்டிப்போட்டியள், தேங்காயை வெட்டிப்போட்டியள். இனிச் செமிக்கிறதுக்கு என்ன இருக்கு?"

பேனா கொஞ்ச நேரம் அந்தரத்தில் நின்றது. பிறகு சுருட்டைத் தாண்டிப் போனது.

இங்கிலீஷ் பேப்பர். அதையும் தொடமாட்டாராம். "அரசாங்கம் என்ன செய்யுது எண்டு மனுசன் தெரிஞ்சிருக்க வேணும்" என்றார்.

"உங்கடை சம்பளத்தை வெட்டினது. அது பேப்பர் பாராமலே எங்களுக்குத் தெரிஞ்சுதே?"

வண்ணான் கூலி இருக்கட்டுமாம். மடிப்புக் குலைந்த கோட்டோடு கந்தோருக்குப் போக முடியாதாம். டென்னிஸ் கிளப்? அதுவும் இருக்கட்டுமாம். உத்தியோகத்தில் உள்ளவனுக்கு நாலு பேரின் பழக்கம் தேவையாம். நான் ஒரு உண்மையைச் சொல்கிறேன். இவர் இன்றுவரை டென்னிஸ் மட்டையைக் கையால் தொட்டது கிடையாது. கதிரையில் சாய்ந்து எலுமிச்சம்பழத் தண்ணீர் குடித்துவிட்டு, அடித்துக் களைத்தவர் மாதிரி வேர்வையைத் துடைத்துக்கொண்டு வீட்டுக்கு வருவார்.

இப்படியே போனது கமிட்டி. அடுப்படியில் இருந்தது எல்லாம் வீண்செலவு. முன்வாசலால் வெளியே போகிறது எல்லாம் அத்தியாவசியம். இந்த ஞானம் எங்கள் வீட்டுக்காரருக்கு மட்டுந்தானா? உங்கள் வீட்டிலும் ஒரு முறை பேனாவைக் கொடுத்துப் பாருங்கள்.

கடைசியில் கூட்டிப் பார்த்தார். போதவில்லை. தலையைச் சொறிந்தார். பிறகு என் முகத்தைப் பார்க்காமல், கடதாசியைப் பார்த்துச் சொன்னார்:

"பிள்ளை ஒரு வருசம் பள்ளிக்கூடத்தாலை நிக்கட்டும்."

"எந்தப் பிள்ளை?"

எந்தப் பிள்ளை என்று எனக்குத் தெரியாதா? மகனும் படிக்கிறான். அவனுடைய பீஸைப் பற்றிக் கமிட்டி ஒரு வார்த்தை விசாரிக்கவில்லை. அவன் பெயருக்கு முன்னால் வரும்போது பேனா தானாகவே கும்பிட்டுவிட்டுப் போயிற்று.

பூமணி பக்கத்து அறையில்தான் இருந்தாள். அந்த அறைக்குக் கதவில்லை, திரைச்சீலைதான். சீலையை விலக்கிக்கொண்டு வந்தாள். அழவில்லை. என் பிள்ளை எளிதில் அழமாட்டாள், அதில் என்னைப்போல.

"அப்பா, நிண்டால் பிறகு எந்த வகுப்பிலை சேருறது?" என்று கேட்டாள்.

"அது... அப்ப பாப்பம்."

"என்னோடை படிக்கிறவை எல்லாம் மேலை போயிடுவினம். நான் சின்னப் பிள்ளையளோடை இருக்கிறதோ?"

இவர் சிவப்பு மைப் போத்தலை மூடினார். திறந்தார். மறுபடி மூடினார்.

"அப்ப நான் தமிழ்ப் பள்ளிக்கூடத்துக்குப் போகட்டோ? அங்கை பீஸ் இல்லை. வீட்டுக்கும் கிட்ட" என்றாள் பிள்ளை.

இவருக்கு முகம் கறுத்துவிட்டது. "என்ன கதை கதைக்கிறாய்? கிளாக்கற்றை மகள் காசில்லாப் பள்ளிக்கூடத்திலை இருந்தால் நாளைக்கு என்னை ஆர் மதிப்பான்?"

கவனித்தீர்களா? காசு கொடுத்துப் படிக்க வசதி இல்லை. காசில்லாமல் படித்தால் மரியாதை இல்லை. ஆகவே படிக்கவே வேண்டாம். பெண்பிள்ளை வீட்டில் சும்மா இருந்தால் மட்டும் வசதிக்கும் கேடில்லை, மரியாதைக்கும் கேடில்லை! கிளாக்கர் மூளை என்று ஒன்றிருக்கிறது. அதைத் திறந்து பார்க்க ஆசுப்பத்திரியில் இன்னும் ஆள் வரவில்லை.

கடதாசியை இழுத்து வாசித்தேன். மேலிருந்து கீழே ஒருமுறை. கீழிருந்து மேலே ஒருமுறை. வாடகை இருக்கிறது, விறகு இருக்கிறது, நாய்க்குப் போடுகிற குறுணல் அரிசிகூட இருக்கிறது. ஒரே ஒரு ஆள் மட்டும் இல்லை.

அந்த ஆள் அந்த நேரம் முன்னறையில் சப்பாத்துக்கு மை பூசிக்கொண்டிருந்தான்.

நடராசா. இவருடைய அண்ணரின் மூத்த மகன். எனக்குப் பெறாமகன். போன வருடம் வேலை தேடி யாழ்ப்பாணத்திலிருந்து வந்தவன். 'ரெண்டு கிழமை, பதினாலே நாள், நிக்கட்டும்' என்றுதான் இவர் ஸ்டேஷனிலிருந்து கூட்டிக்கொண்டு வந்தார். ரெண்டு கிழமை போயிற்று, வெசாக் பண்டிகை போயிற்று, பெரஹரா ஊர்வலம் போயிற்று. நடுவில் வேலையும் கிடைத்துவிட்டது. தேயிலைத் தோட்டங்களுக்குச் சாமான் அனுப்புகிற கம்பனியொன்றில் கணக்கெழுதுகிறான். டை கட்டிக்கொண்டு பஸ் ஏறுகிறான். சம்பளம் எடுக்கிறான். மாதக் கடைசியில் ஒரு பிஸ்கட் டின் கொண்டுவந்து மேசையில் வைக்கிறான். மூன்று வேளையும் எங்கள் வீட்டில்தான் சாப்பிடுகிறான். ஒரு சதம் கொடுக்கிறதில்லை.

"இதிலை நடராசாவைக் காணேல்லை" என்றேன்.

"அவனை ஏன் எழுதுறது?"

"அவன் சாப்பிடுறான். நாயை எழுதியிருக்கிறியள்."

"மெல்லக் கதை! அவன்ரை காதிலை விழப்போகுது. சொந்தச் சனத்தின்ரை சோத்தைக் கணக்கிலை எழுதுறதோ? இது என்ன, சாப்பாட்டுக் கடையோ?"

இந்த இடத்தில் எங்கள் ஆட்களைப் பற்றி ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். கண்டியில் வீடெடுத்திருக்கும் யாழ்ப்பாணத்தார் ஒவ்வொருவர் வீடும் ஒரு சத்திரந்தான். ஆசுப்பத்திரிக்கு வருகிறவர், சோதனை எழுத வருகிறவர், பெரஹரா பார்க்க வருகிறவர், ஊரில் வெயில் கூடிவிட்டதென்று வருகிறவர் எல்லோரும் வருவார்கள். எப்போது போவீர்கள் என்று கேட்கக்கூடாது. போகிறேன் என்றால், 'ஏன் இவ்வளவு அவசரம்?' என்றுதான் கேட்க வேண்டும். போட்ட சோற்றை மனத்துக்குள்கூட எண்ணக்கூடாது. சொந்தக்காரனிடம் சாப்பாட்டுக்குக் காசு வாங்கினால் அது 'சோறு விக்கிற வீடு'. எங்கள் சனத்தில் ஒரு வீட்டைப் பற்றி அதைவிடக் கேவலமாகச் சொல்ல ஒன்றும் கிடையாது. களவெடுத்தவன் வீட்டில்கூடச் சம்பந்தம் செய்வார்கள். சோறு விற்ற வீட்டில் கை நனைக்கமாட்டார்கள்.

நல்ல வழக்கந்தான். நான் இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் அந்த நல்ல வழக்கத்துக்கு யார் பீஸ் கட்டுகிறது? எங்கள் வீட்டில் பூமணி கட்டுகிறாள்.

அன்று அதற்குமேல் பேசவில்லை. இவர் கடதாசியை மடித்துச் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டு கிளப்புக்குப் போய்விட்டார்.

அடுத்த நாள் பின்வேலியில் உடுப்புக் காயப்போட்டுக்கொண்டிருந்தேன். அடுத்த வீட்டு முஸ்லிம் அக்கா, சுபைதா ராத்தா, வந்தார். அவருடைய புருஷனுக்குப் பாலத்தடியில் ஒரு தேத்தண்ணீர்க் கடை. கடைக்கு ரொட்டி சுடுகிறது ராத்தாதான். அந்தத் தெருவில் எனக்கு மனம் விட்டுப் பேச இருக்கிற ஒரே ஆள்.

"என்ன தங்கச்சி, மொகம் இப்பிடி வாடி ஈக்கி?" என்றார்.

சொன்னேன். எல்லாவற்றையும் சொன்னேன். ராத்தா கன்னத்தில் கை வைத்துக்கொண்டார்.

"அல்லாவே! புள்ளய நிப்பாட்டவா? அந்தத் தம்பி தெனமும் எங்கட கடையில ரொட்டி தின்ன காசே பீஸுக்குப் போதுமே!"

"எந்தத் தம்பி?"

"ஒங்க ஊட்டுத் தம்பிதான். கந்தோர் உட்டு வார நேரம் கடையில ஏறுவார். ரொட்டியும் தேங்காய்ச் சம்பலும் திண்டுபோட்டுத்தான் ஊட்டுக்கு வாரார். எங்கட மனுசன் சொல்றார், ரெண்டு ஆள் தின்றதத் தின்றாராம். ஒங்களுக்குத் தெரியாதா?"

எனக்கு எப்படித் தெரியும்? வீட்டில் இலவசமாகச் சோறு. அது போதாதென்று கடையில் காசு கொடுத்து ரொட்டி. என் கறி அவனுக்கு வாய்க்கு நன்றாயில்லையோ? என் பிள்ளை படிப்பை விட்டுவிட்டு வீட்டில் உட்காரப்போகிறாள் — இவன் பாலத்தடியில் உட்கார்ந்து சம்பல் தொட்டு ரொட்டி தின்கிறானா?

காயப்போட்ட உடுப்பையே திரும்ப எடுத்து முறுக்கினேன். ராத்தா பயந்துவிட்டார்.

"தங்கச்சி, சண்டைக்குப் போகாதிங்க. பதமாக் கேளுங்க" என்றார்.

எனக்குப் பதமாகக் கேட்கத் தெரியாது. அடுத்த நாள் காலை இவர் குளிக்கப் போன நேரம் பார்த்து முன்னறைக்குப் போனேன். நடராசா கண்ணாடிக்கு முன்னால் நின்று டை கட்டிக்கொண்டிருந்தான்.

"தம்பி, ஒண்டு கேக்கிறன். என்ரை சோத்துக்கு என்ன குறை?"

"என்ன சின்னம்மா?"

"பின்னேரத்திலை கடையிலை ரொட்டி தின்னுறியாம். ஊரெல்லாம் தெரியுது, சோறு போடுற எனக்குத் தெரியாது. உப்பில்லையோ? உறைப்பில்லையோ? அல்லது நான் போடுறது உன்ரை வயித்துக்குக் காணாதோ?"

டையில் பாதி முடிச்சோடு நின்றான். முகம் சிவந்துவிட்டது. இருபத்திரண்டு வயதுப் பொடியன், மீசையும் ஒழுங்காய் வரவில்லை.

"காணும் சின்னம்மா."

"காணுமெண்டால் ஏன் கடைக்குப் போறாய்?"

அவன் முடிச்சை அவிழ்த்தான். நான் நகரவில்லை. கடைசியில் சொன்னான்:

"எனக்கு ரெண்டாம்தரம் கேக்க வெக்கம். சும்மா சாப்பிடுற சோறு... ஒரு தரம் போட்டதோடை எழும்பிடுவன்."

"சும்மா சாப்பிடுறன் எண்டு உனக்கே தெரிஞ்சிருக்கே! அப்ப ஒரு காசு தந்தாலென்ன?"

கேட்டுவிட்டேன். எங்கள் குலத்தில் எவளும் பெறாமகனிடம் கேட்காத கேள்வியைக் கேட்டுவிட்டேன். கூரை இடிந்து விழவில்லை.

"நான் குடுத்தனான் சின்னம்மா" என்றான்.

"ஆருக்கு?"

"சித்தப்பாவுக்கு. முதல் சம்பளம் எடுத்த அண்டைக்கே கொண்டுபோய்க் குடுத்தனான். 'உன்ரை சித்தப்பன் சோறு விக்கிறவனெண்டு நினைச்சியோடா' எண்டு காசைத் தூக்கி எறிஞ்சு போட்டார். அடுத்த மாசமும் குடுத்துப் பாத்தன். அடிக்க வந்தார். பிறகு, சமரிக்குப் போறன் எண்டன்..."

வெளியூர் வாசகர்களுக்காகச் சொல்கிறேன்: சமரி என்பது கல்யாணமாகாத கிளாக்கர்மார் கூட்டாக வீடெடுத்து, ஆளுக்கு இவ்வளவென்று போட்டுச் சமைத்துச் சாப்பிடுகிற இடம். கண்டி டவுனில் நாலைந்து இருக்கிறது.

"அதுக்கு என்ன சொன்னவர்?"

"'நான் கண்டியிலை வீட்டோடை இருக்க, அண்ணன்ரை மகன் சமரியிலை இருக்கிறானெண்டால் ஊர் என்ரை முகத்திலை காறித்துப்பும்' எண்டார். அதாலைதான் பிஸ்கட் டின் வாங்கிக்கொண்டு வாறனான். அதை மட்டும் அவர் எறியேல்லை."

நான் கட்டிலில் உட்கார்ந்துவிட்டேன்.

யோசித்துப் பாருங்கள். ஒருவன் காசு தருகிறேன் என்கிறான். இவர் எறிகிறார். பிறகு காசு போதவில்லை என்று சிவப்பு மையை எடுத்துக்கொண்டு உட்கார்ந்து, மகளை வெட்டுகிறார். எங்கள் வீட்டுக் கணக்கில் எழுதாமல் விட்டது நடராசாவை என்றல்லவா நினைத்தேன்? இல்லை. எழுதாமல் விட்டது இவருடைய பெருமையை. சுருட்டு, கிளப், பேப்பர் எல்லாம் சேர்ந்தாலும் அதன் செலவுக்குக் கிட்ட நிற்காது.

அன்று பின்னேரம் இவர் கோட்டைக் கழற்றும்வரைக்கும் பொறுத்திருந்தேன். நடராசா ராத்தா வீட்டுக் கடையில் இருந்தான். பூமணி தன் தம்பிக்குக் கதை சொல்லிக்கொண்டு கிணற்றடியில் இருந்தாள்.

"நடராசா தந்த காசை ஏன் எறிஞ்சனீங்கள்?" என்றேன்.

"உனக்கு ஆர் சொன்னது?"

"ஆரெண்டால் என்ன? ஏன் எறிஞ்சனீங்கள்?"

"உனக்கு விளங்காது."

"விளங்கப்படுத்துங்கோ. நான் வேறை ஒரு வேலையும் இல்லாமல்தான் நிக்கிறன்."

இவர் கதிரையில் உட்கார்ந்தார். பிறகு கிளாக்கர் குரல் இல்லாமல், வேறு குரலில் பேசினார்.

"அண்ணர் என்னைவிடக் கெட்டிக்காரன். வகுப்பிலை முதலாம் பிள்ளை. எங்கடை ஐயா செத்தாப்பிறகு ரெண்டு பேரைப் படிப்பிக்க ஏலாமல் போச்சு. அண்ணர் தான் நிண்டுபோட்டு என்னைப் படிக்க விட்டவர். அண்டைக்கு அவர் நிக்காட்டி, நான் இண்டைக்குப் புகையிலைக் கண்டுக்குத் தண்ணி இறைச்சுக்கொண்டு நிப்பன். அவற்றை பிள்ளையிட்டை நான் சோத்துக்குக் காசு வாங்குறதோ? சொல்லு."

இதை இவர் எனக்கு ஒருநாளும் சொன்னதில்லை. கலியாணம் செய்து இத்தனை வருடத்தில் ஒருநாளும். ஆனால் நான் விடவில்லை. அந்த இடத்தில் விட்டிருந்தால் என் பிள்ளை போயிருப்பாள்.

"அண்ணர் தானாய் நிண்டவர்" என்றேன். "பூமணி தானாய் நிக்கேல்லை. நீங்கள் நிப்பாட்டுறியள். அண்டைக்கு ஒரு கெட்டிக்காரப் பிள்ளை நிண்டது காணாதோ? உங்கடை குடும்பத்திலை தலைமுறைக்கு ஒண்டை நிப்பாட்ட வேணுமெண்டு சாமிக்கு நேத்தியோ?"

இவர் சுருட்டைப் பற்றவைத்தார். அணைந்தது. மறுபடி பற்றவைத்தார். மறுபடியும் அணைந்தது.

"ஊரிலை என்ன சொல்லுவினம்?" என்று கேட்டார். அதில் பழைய வேகம் இல்லை.

"'சோறு விக்கிறாள்' எண்டு சொல்லுவினம். என்னைச் சொல்லட்டும். உங்களுக்கு ஒண்டும் தெரியாது. நீங்கள் மரியாதையாய்க் கிளப்புக்குப் போங்கோ. நான் விக்கிறன்."

எழும்பி அடுப்படிக்குப் போய்விட்டேன். அதற்குமேல் நின்றிருந்தால் ஏதாவது நல்லதாகச் சொல்லிக் காரியத்தைக் கெடுத்திருப்பேன்.

மாதக் கடைசியில் நடராசா சம்பளம் எடுத்துக்கொண்டு வந்தான். முன்னறையில் சித்தப்பாவைக் கண்டதும் வாசலிலேயே நின்றான். இவர் சட்டென்று எழும்பினார். செம்பை எடுத்தார். கிணற்றடிக்குக் கால் கழுவப் போனார். கந்தோரிலிருந்து வந்தவுடனேயே கழுவிய கால். அதையே இன்னொரு முறை, அப்படி ஒரு கழுவல், தேய்த்துத் தேய்த்து... நடராசா அடுப்படிக்கு வந்து, உப்புச் சட்டிக்குப் பக்கத்தில் காசை வைத்தான். நான் எடுத்துச் சீலைத் தலைப்பில் முடிந்தேன். இருவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவில்லை. கள்ளச் சாராயம் விற்கிறவர்கள்கூட இவ்வளவு வெட்கப்படமாட்டார்கள்.

பள்ளிக்கூடம் திறந்த அன்று பூமணியை நானே கூட்டிக்கொண்டு போனேன். பஸ்ஸில் நல்ல சனம். பிள்ளைக்குப் புது வெள்ளைச் சப்பாத்து. யாராவது மிதித்துவிடுவார்கள் என்று இரண்டு காலையும் தூக்கி இருக்கையின் கீழ்ச் சட்டத்தில் வைத்துக்கொண்டு வந்தாள்.

"அம்மா, பீஸ் கட்ட அப்பா காசு தந்தவரோ?" என்று மெதுவாகக் கேட்டாள்.

"இல்லை."

"அப்ப நடராசா அண்ணையோ?"

"அவனும் இல்லை. நான் சோறு வித்த காசு."

பிள்ளை என்னைப் பார்த்தாள். பிறகு வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். பஸ் வத்தாரந்தன்னைக்கு வரும்வரைக்கும் சிரித்தாள். எனக்கு அந்தச் சிரிப்பைக் கேட்டு எத்தனை நாளாயிற்றென்று அப்போதுதான் நினைவு வந்தது.

பீஸைக் கட்டினேன். பற்றுச்சீட்டை வாங்கினேன். பெரிய ரீச்சர் இங்கிலீஷில் ஏதோ சொன்னார். பிள்ளை இங்கிலீஷில் பதில் சொன்னாள். எனக்கு விளங்கவில்லை. விளங்காமல் நின்றதில் எனக்கு ஒரு சந்தோஷம். நான் கொடுத்த காசுக்கு எனக்கு விளங்காததைத்தானே வாங்கினேன்?

இனி, இதன் பின்விளைவுகள்.

முதலாவது, நடராசா. காசு வைத்த அன்று இரவே சோற்றுக் கோப்பையை நீட்டினான். "சின்னம்மா, இன்னும் கொஞ்சம்" என்றான். போட்டேன். மறுபடி நீட்டினான். அவன் தின்கிறதைப் பார்த்து மகன் வாயைத் திறந்துகொண்டு இருந்தான். மறுநாள் பருப்பில் உப்புக் குறைவு என்றான். அதற்கு அடுத்த நாள், 'ஊரிலை அம்மா பனை ஒடியல் கூழ் காய்ச்சுறவ...' என்று இழுத்தான். இத்தனை மாதமும் வாயே திறக்காத பொடியன்! ராத்தாவின் ரொட்டி வியாபாரம் படுத்துவிட்டது. எனக்கு அரிசிச் செலவு ஏறிவிட்டது. ஆனால் ஒன்று சொல்கிறேன். இப்போதுதான் அவன் எங்கள் வீட்டுப் பிள்ளை மாதிரி இருக்கிறான். முன்பு ஸ்டேஷனில் ரயிலுக்குக் காத்திருக்கிறவன் மாதிரி இருந்தான்.

இரண்டாவது, இவர். என்னோடு நாலு நாள் பேசவில்லை. ஆனால் சாப்பிட்டார். ஐந்தாம் நாள் பூமணியின் கேத்திரகணிதப் பெட்டியைத் திறந்து, ஒவ்வொன்றாக வெளியே எடுத்துப் பார்த்தார். "இதெல்லாம் அண்ணருக்கு நல்லாய் வரும்" என்றார். பிள்ளையைப் பக்கத்தில் இருத்தி வட்டம் கீறிக் காட்டினார். சரியாக வரவில்லை. பிள்ளை திருத்தினாள்.

மூன்றாவது, எங்கள் சனம். கண்டியில் ஒரு செய்தி பரவுவதற்குப் பேப்பர் தேவையா? பிள்ளையார் கோயில் போதும். போன வெள்ளிக்கிழமை நான் உள்ளே போனபோது கிளாக்கர்மாரின் பெண்சாதிமார் ஒரு பக்கமாக ஒதுங்கினார்கள். விபூதியைவிட வேகமாக என் பெயர் கைமாறியது. "சோறு விக்கிறாவாம்", "பெறாமகனிட்டையாம்", "புருசன்ரை சொந்தத் தமையன்ரை பிள்ளையாம்". காதில் விழவேண்டும் என்றே சொன்னார்கள். விழுந்தது. சாமியை நன்றாகக் கும்பிட்டுவிட்டு நிமிர்ந்து நடந்து வந்தேன்.

நேற்று மத்தியானம் பின்கதவை யாரோ மெல்லத் தட்டினார்கள். திறந்தால், அந்தக் கூட்டத்தில் எல்லோரையும்விட உரத்துப் பேசிய பொன்னம்மா. இன்னொரு கிளாக்கரின் மனைவி. முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு, தெருவை ஒருமுறை திரும்பிப் பார்த்துவிட்டு உள்ளே வந்தார். அவர் வீட்டிலும் ஒரு பெறாமகன் இருக்கிறான். அவனும் 'ரெண்டு கிழமைக்கு' வந்தவன்தான். கதிரையைக் காட்டினேன். உட்காரவில்லை.

"இஞ்சை பாருங்கோ... ஒருத்தருக்கும் சொல்லிப்போடாதேங்கோ. நீங்கள் எவ்வளவு எடுக்கிறியள்?"

"மகளின்ரை பீஸ் எவ்வளவோ, அவ்வளவு" என்றேன்.

பொன்னம்மா விரலை மடித்துக் கணக்குப் பார்த்துக்கொண்டே படியிறங்கினார்.

அவருக்குப் பெண்பிள்ளைகள் மூன்று. பெறாமகன் ஒருவன்தான் — பாவம், அந்தப் பொடியன்!